எக்ஸிலிருந்து வெளியே: சில நாட்குறிப்புகள்

நவம்பர் 13, 2024

முன்பு ட்விட்டர் என்றிருந்த எக்ஸில் இனி அதிகாரபூர்வமாக எதையும் பதிவிடப் போவதில்லை என்று பிரிட்டனின் கார்டியன் பத்திரிகை அறிவித்துவிட்டது. 80-க்கும் மேற்பட்ட கணக்குகள், எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 2.7 கோடி பின்தொடர்வோர். எங்கள் செய்தியாளர் வாட்ஸ்அப் குழுவில் இதே பேச்சுதான். "பெரிய இடம், அவர்களுக்குக் கட்டுப்படியாகும். நமக்கு?" என்றார் ஒருவர்.

நியாயமான கேள்விதான். ஆனால் அமெரிக்கப் பொது வானொலியான என்பிஆர் 2023 ஏப்ரலில் கிளம்பியதை யாரும் பேசவில்லை. 'அரசு சார்பு ஊடகம்' என்று ட்விட்டர் முத்திரை குத்தியதால் பதிவிடுவதை நிறுத்தினார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், அவர்களின் இணையதளத்துக்கு வருவோரில் ஒரு சதவீதப் புள்ளி அளவுதான் குறைந்திருந்தது. பின்தொடர்கிறவர் எல்லாரும் படிக்க வருகிறவர் இல்லை. நமக்கும் அது தெரியும், ஒப்புக்கொள்ளத்தான் மனசு வராது.

நவம்பர் 16

எக்ஸுக்கு மாற்றாகப் பலர் போகும் ப்ளூஸ்கை தளத்துக்கு வந்தாயிற்று. 'ஸ்டார்ட்டர் பேக்' என்று ஒன்று இருக்கிறது: ஒரு துறையில் எழுதுகிறவர்களை யாரோ தொகுத்து வைத்திருப்பார், ஒரே அழுத்தில் எல்லாரையும் பின்தொடரலாம். சாயங்காலத்துக்குள் தெரிந்த முகங்களில் பாதி வந்துவிட்டது. எல்லாரும் செய்தியாளர்கள்! பேச வேண்டியவர் வராத பிரஸ் மீட் மாதிரி இருக்கிறது.

நவம்பர் 21

இங்கே 2 கோடிப் பேர் சேர்ந்துவிட்டார்களாம். கூட்டம் வந்தால் போலிகளும் வரும். ஒரு தோழியின் படத்தோடு ஏதோ ஒரு தளத்தில் கணக்கு முளைத்திருக்கிறது. அதனால் இன்று முதல் வேலையாக என் இணையதள முகவரியையே பயனர் பெயராக மாற்றினேன். ப்ளூஸ்கை ஒரு நீளமான எழுத்துக் கோவையைத் தரும். டொமைன் (இணையதள முகவரி) வாங்கிய இடத்தில், அதன் அமைப்புகளை மாற்றும் டிஎன்எஸ் பக்கத்தைத் திறந்து, டெக்ஸ்ட் ரெக்கார்டாக அதை ஒட்டிச் சேமித்தேன். கொஞ்ச நேரத்தில் பெயர் மாறிவிட்டது. டொமைன் என்னுடையது என்பதே அடையாளச் சான்று; எக்ஸில் காசு கொடுத்து வாங்கும் நீல டிக்கைவிட இது மேல். பத்திரிகைகள் தங்கள் டொமைனுக்குக் கீழேயே செய்தியாளர்களுக்குப் பெயர் கொடுக்கலாம். வேலையை விட்டால் பெயரும் போகும் என்பது வேறு விஷயம்.

நவம்பர் 26

பதிவில் விளக்கம் எழுதுங்கள், லிங்க்கைப் பதிலில் போடுங்கள் என்கிறார் எக்ஸின் உரிமையாளர் மஸ்க். நேரடியாக லிங்க் போடுவது சோம்பேறித்தனமாம். 2022 டிசம்பரில் செய்தியாளர்கள் சிலரின் கணக்குகளை முடக்கியபோது எழுந்த கூச்சல் பெரிது. அடுத்த ஆண்டு அக்டோபரில் செய்தி லிங்க்குகளின் தலைப்பை எடுத்துவிட்டு வெறும் படத்தை மட்டும் காட்டியபோது அந்தளவு சத்தம் இல்லை. என்னைக் கேட்டால் தொழிலுக்கு இந்த லிங்க் விஷயம்தான் பெரிய அடி.

டிசம்பர் 7

மாஸ்டடான். இதுவும் ஒரு மாற்றுத் தளம், தனித்தனி சர்வர்கள் இணைந்து இயங்குவது. பொறுமை வேண்டும். முதலில் எந்த சர்வர் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். செய்தியாளர்களுக்கென்றே 2022-ல் ஜர்னா.ஹோஸ்ட் என்ற சர்வரைத் தொடங்கினார்கள், அது வந்த வேகத்திலேயே வேறு சில சர்வர்கள் அதைத் தடை செய்தன. பிடிக்காமல் வேறு சர்வருக்குப் போனால் பின்தொடர்வோர் கூட வருவார்கள், எழுதிய பதிவுகள் வராது.

தேடல்தான் நிருபருக்கு இடிக்கும். சம்மதித்தவர்களின் பொதுப் பதிவுகள் மட்டுமே பொதுத் தேடலில் கிடைக்கும். கும்பலாக வந்து துரத்துகிறவர்களிடமிருந்து காக்க இப்படி வைத்திருக்கிறார்கள், புரிகிறது. ஆனால் எங்கோ ஒரு பாலம் இடிந்தால், அதன் பெயரைப் போட்டுத் தேடி, பக்கத்தில் நின்று பார்த்தவரைப் பிடிப்பதுதானே நம் வேலை?

டிசம்பர் 19

பழைய இடத்தின் இன்பாக்ஸில் முன்பின் தெரியாத ஒருவர்: "உங்களிடம் ஒரு ஆவணம் காட்ட வேண்டும்." அவருக்கு ப்ளூஸ்கையும் தெரியாது, மாஸ்டடானும் தெரியாது. இவரைப் போன்றவர்களை எந்த ஸ்டார்ட்டர் பேக்கிலும் கட்டிக் கொண்டுவர முடியாது. சிக்னல் என்ற பாதுகாப்பான உரையாடல் செயலிக்கு வரச் சொன்னேன். இப்போது அங்கே போன் எண்ணைக் காட்டாமல் பயனர் பெயரை மட்டும் கொடுத்துப் பேச முடிகிறது. அப்புறம் அந்தப் பெயரையே பழைய கணக்கின் முகப்பில் பின் செய்தும் வைத்தேன்.

ஜனவரி 20, 2025

ஐரோப்பியச் செய்தியாளர் கூட்டமைப்பு இன்று முதல் எக்ஸில் பதிவிடாது. நம் கணக்கையும் அழித்துவிடலாமா என்று ஆசிரியர் கேட்டார். வேண்டாம் சார் என்றேன். செயலிழக்கச் செய்து 30 நாள் போனால் எல்லாம் அழிந்துவிடும், பெயரை வேறு யாராவது எடுத்துக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. எழுதாமல் சும்மா வைத்திருப்போம், இன்பாக்ஸை நாளுக்கொரு தடவை யாராவது பார்க்கட்டும். "யார் பார்ப்பது?" என்றார். இந்த வாரம் நான்.