‘போடு’ கற்றுக்கொடுத்த ஸ்பானியம்

ஸ்பெயினின் வலென்சியா நகருக்கு வந்த புதிதில் என்னிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. ஒவ்வொரு ஸ்பானியச் சொல்லுக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல்லை எழுதி, அப்படி எழுநூறு சொற்களை மனப்பாடம் செய்திருந்தேன். அதன்படி ‘கெதார்’ என்றால் தங்குவது, ‘யெவார்’ என்றால் சுமப்பது, ‘எச்சார்’ என்றால் எறிவது. இந்த மூன்று வினைச்சொற்களும் சேர்ந்து அந்தப் புத்தகத்தைப் பயனற்றதாக்க அதிக நாள் ஆகவில்லை.

முதலில் கவிழ்த்தது கெதார். உடன் பணிபுரிந்த ஒருவர், சனிக்கிழமை ‘கெதாமோஸ்?’ என்று கேட்டார். விடுமுறை நாளிலும் அலுவலகத்தில் தங்கச் சொல்கிறார் என்று எண்ணி, எனக்கு ஓய்வு வேண்டும் என்று சற்றுக் கடுமையாகவே மறுத்துவிட்டேன். எங்காவது சந்தித்துச் சாப்பிடலாமா என்றுதான் அவர் கேட்டிருக்கிறார் என்பது திங்கட்கிழமைதான் புரிந்தது. அதே வாரம் ரொட்டிக் கடைக்காரர் ‘நோ மே கெதா பான்’ என்றார். ரொட்டி தீர்ந்துவிட்டது என்று பொருள். துணிக்கடையில் சட்டையை உடுத்திப் பார்த்தபோது ‘தே கெதா பியென்’ என்றார்கள். சட்டை எனக்குப் பொருத்தமாக இருக்கிறதாம். மூன்றையும் ஒரே தாளில் எழுதி வைத்துப் பார்த்தபோதுதான், வினையை மட்டும் பிடித்துக்கொண்டு அதன் எழுவாய் எது, முன்னால் ‘மே’, ‘தே’ போன்ற சொல் நிற்கிறதா என்பதையெல்லாம் கவனிக்காமல் விட்டிருக்கிறேன் என்பது தெரிந்தது.

யெவாரும் அப்படித்தான். ‘குவாந்தோ தியெம்போ யேவாஸ் அகீ?’ என்ற கேள்வி, எவ்வளவு நேரத்தை இங்கே சுமக்கிறாய் என்று என் காதில் விழுந்தது. இங்கு வந்து எவ்வளவு காலமாகிறது என்பதே கேள்வி. போதாததற்கு, ‘தியெம்போ’ என்பது காலத்தை மட்டுமின்றி வானிலையையும் குறிக்கும். மூக்குக் கண்ணாடி அணிந்திருப்பதும் யெவார்தான். காபிக் கடையில் ‘பாரா யெவார்’ என்றால் நம் ஊர்ப் ‘பார்சல்’.

‘மன்யானா’ என்ற சொல் காலையையும் நாளையையும் குறிப்பது பற்றி வகுப்பில் பலரும் குறைபட்டுக்கொண்டார்கள். நிலவுக்கும் மாதத்துக்கும் வாரநாளுக்கும் ‘திங்கள்’ என்ற ஒரே சொல்லை வைத்திருக்கும் மொழியிலிருந்து வந்த எனக்கு அது பெரிய சங்கடமாகப் படவில்லை. ‘எல் கூரா’ பாதிரியார், ‘லா கூரா’ நோயைக் குணப்படுத்துவது என்று சொல்லின் முன்னால் நிற்கும் ‘எல்’, ‘லா’ பொருளை மாற்றுவதும் எளிதில் பழகியது. ஆனால் ‘தயார்’ என்று சொல்ல நினைத்து, ‘எஸ்தோய் லிஸ்தோ’ என்பதற்குப் பதிலாக ‘சோய் லிஸ்தோ’ என்று மேலதிகாரியிடம் கூறி, என்னை நானே புத்திசாலி என்று அறிவித்துக்கொண்டது இன்றும் கூச்சம் தருகிறது.

ஊருக்கு ஊர் பொருள் மாறுவது தனிச் சிக்கல். ஸ்பெயினில் பேருந்தைப் பிடிப்பதற்கு எல்லோரும் சாதாரணமாகச் சொல்லும் ‘கோஹேர்’ என்ற வினையை அர்ஜென்டினா நண்பரிடம் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார்; அவர் ஊரில் அது உடலுறவைக் குறிக்கும் கொச்சைச் சொல். ‘குவாகுவா’ கியூபாவில் பேருந்து, சிலியில் கைக்குழந்தை. 1713இல் தொடங்கப்பட்ட ஸ்பானிய அரச மொழிக்கழகத்தின் அகராதியை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் பொருள்களுக்கு எண் கொடுத்து, எந்த நாட்டு வழக்கு என்பதையும் சுருக்கக் குறியால் காட்டுகிறார்கள். ஆயினும் எண்களை வரிசையாகப் படிப்பதைவிட, சொல்லோடு சேர்ந்து வருவதை முழுத் தொடராக எழுதிக்கொண்டதே எனக்கு உதவியது.

எச்சாரைத் தீர்த்துவைத்தது தமிழ். குழம்பில் உப்பை ‘எச்சார்’ செய்கிறார்கள், கடிதத்தை ‘எச்சார்’ செய்கிறார்கள், வண்டிக்குப் பெட்ரோலையும், மதியத்தில் ஒரு குட்டித் தூக்கத்தையும்கூட ‘எச்சார்’ செய்கிறார்கள். ‘எறி’ என்பதை அடித்துவிட்டுப் ‘போடு’ என்று எழுதியதும் நான்கும் தாமாகவே சரியாகிவிட்டன. ஒன்று மட்டும் மசியவில்லை: ஒருவரைப் பிரிந்து ஏங்குவதை ‘எச்சார் தே மேனோஸ்’ என்கிறார்கள். எதைப் போடுவது என்று பல நாள் யோசித்தேன். பிறகு ஆசிரியர் விளக்கினார்: அது, ‘இல்லையென்று காண்பது’ என்ற பொருளுடைய ‘அஷார் மேனோஸ்’ என்ற போர்த்துகீசியத் தொடர் ஸ்பானியர்களின் வாயில் திரிந்து வந்தது. அங்கே இருப்பது எச்சாரே அல்ல.