905 வாங்கிய பையன்

இன்று எங்கள் டோக்கியோ அலுவலகத்தில் புதுப் பட்டதாரிகளுக்கான நேர்காணல். முதலில் வந்த பையனின் விண்ணப்பத்தில், டோயிக் (TOEIC) என்ற ஆங்கிலத் தேர்வில் மதிப்பெண் 905. மொத்தமே 990தான். "உங்கள் ஆய்வைப் பற்றிக் கொஞ்சம் ஆங்கிலத்தில் சொல்லுங்கள்" என்றேன். விரல்களைப் பின்னிக்கொண்டு மேசையையே பார்த்தான். இரண்டு வாக்கியத்துக்கு மேல் வரவில்லை. மனசு கஷ்டமாகிவிட்டது.

அவன் மேல் தப்பே இல்லை. 1979இல் ஜப்பானில் தொடங்கிய தேர்வு இது. கேட்டுப் பதில் சொல்ல 100 கேள்வி, 45 நிமிடம். வாசித்துப் பதில் சொல்ல இன்னொரு 100, 75 நிமிடம். எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுப்பதுதான். வாயைத் திறக்கவே வேண்டாம். பேசவும் எழுதவும் தனித் தேர்வு இருக்கிறது, ஆனால் எங்கள் விண்ணப்பப் படிவத்தில் அதற்கு இடமே கிடையாது.

அப்புறம் 560 வாங்கிய பெண் வந்தாள். இலக்கணம் தடுமாறியது. ஆனால் தன் சென்சார் மழையில் ஏன் தப்பாகக் காட்டியது என்பதை, என் பேனாவையே வாங்கிப் படம் போட்டுப் புரியவைத்துவிட்டாள்.

600க்குக் கீழே இருப்பவர்களைக் கூப்பிடவே வேண்டாம் என்று போன வாரம் குழுவில் பேச்சு வந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை. நாளைக்குக் கேட்டாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.