ஒரே ரத்ததான அறிவிப்பை எல்லா இடத்திலும் ஒட்டாதீர்கள்

ரத்ததான முகாமுக்கு ஒரு போஸ்டர் செய்து, அதையே வாட்ஸாப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் எல்லாவற்றிலும் போட்டுவிடுகிறோம். பார்ப்பவர்கள் வேறு வேறு ஆட்கள். அவரவர் மனதில் ஓடும் கேள்வியும் வேறு.

இன்ஸ்டாகிராமில் நமக்கு வேண்டியவர்கள் கல்லூரிப் பிள்ளைகள். முதல்முறை கொடுப்பவருக்குப் பயம்தான் தடை. "உயிர் காப்போம்" என்ற வாசகம் அந்தப் பயத்தைத் தொடவே தொடாது. 18 வயது முடிந்திருக்க வேண்டும், எடை 45 கிலோவாவது வேண்டும், அந்த எடைக்கு 350 மில்லிதான் எடுப்பார்கள், ஊசி கையில் இருப்பது பத்து நிமிடம் போல, வெறும் வயிற்றோடு வரக்கூடாது. இவற்றை ஸ்லைடுக்கு ஒன்றாக, 1080-க்கு 1350 அளவில் நெட்டுவாக்கில் போடுங்கள். கேப்ஷனில் போடும் மேப் லிங்க் தொட்டால் திறக்காது. ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கராக வையுங்கள்.

ஃபேஸ்புக்கில் அதே பிள்ளைகளின் அப்பா அம்மா இருக்கிறார்கள். "கொடுத்தால் உடம்பு இளைத்துவிடுமே" என்பது அவர்கள் கவலை. முதலில் பரிசோதனை உண்டு, ஹீமோகுளோபின் 12.5-க்குக் கீழே இருந்தால் எடுக்கவே மாட்டார்கள் என்பதை முதல் இரண்டு வரியிலேயே சொல்லிவிடுங்கள். அதற்குப் பிறகு நீளமாக எழுதலாம், படிப்பார்கள்.

வாட்ஸாப்பில் வழக்கமாகக் கொடுப்பவர்களுக்கு நாள், நேரம், இடம் போதும். கூடவே ஒரு வரி: கடைசியாகக் கொடுத்து ஆண்களுக்கு 90 நாள், பெண்களுக்கு 120 நாள் ஆகியிருக்க வேண்டும். தொடர்பு எண்ணைப் படத்துக்குள் புதைக்காமல் தட்டச்சு செய்யுங்கள், தொட்டதும் அழைப்பு போகும். பிராட்காஸ்ட்டில் அனுப்பினால், உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச்சேரும்.

அவசரத் தேவைக்கான பதிவு தனி ரகம். எக்ஸில் இலவசக் கணக்குக்கு 280 எழுத்துதான், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். "வேண்டும்" நமக்கு 4 எழுத்து, எக்ஸுக்கு 8. ஆகவே உருக்கமான வாசகங்களை விட்டுவிட்டு இப்படி எழுதுங்கள்:

"ஓ நெகட்டிவ், 2 யூனிட். மருத்துவமனை, ஊர். தேதி, மணி. நோயாளியின் உறவினர் எண்."

தட்டணுக்கள் (பிளேட்லெட்) தேவை என்றால் "ரத்தம்" என்று பொதுவாகப் போடாதீர்கள். மெஷின் வழியாகப் பிரித்தெடுக்க ஒன்று, ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். அரைமணியில் முடியும் என்று பர்மிஷன் போட்டு வந்தவர் பாதியில் கிளம்பிவிடுவார்.

இதில் மிக மோசமான தவறு "இன்று", "நாளை" என்று எழுதுவது. மூன்று மாதம் கழித்தும் அந்தச் செய்தி குழுக்களில் சுற்றும். அதற்குள் நோயாளி இறந்துபோயிருந்தாலும் அந்த வீட்டுக்கு அழைப்பு வந்துகொண்டே இருக்கும். தேவை தீர்ந்ததும் எக்ஸிலும் ஃபேஸ்புக்கிலும் பதிவை நீக்கிவிடலாம். வாட்ஸாப்பில் நீங்கள் அனுப்பியதை அழித்தாலும், பிறர் ஃபார்வர்டு செய்தது அழியாது. "இந்தத் தேதி, இந்த மணிக்குப் பிறகு அழைக்க வேண்டாம்" என்ற வரியை முதல்முறை அனுப்பும்போதே சேர்த்துவிடுங்கள்.