கையால செஞ்ச மைக் ப்ரீஆம்ப்

ரெண்டு நாளா உக்காந்து மைக் ப்ரீஆம்ப், அதாவது மைக்லேர்ந்து வர்ற சின்ன சிக்னல பெருசாக்குற சர்க்யூட், செஞ்சு முடிச்சாச்சு. ஒரே ஒரு என்இ5532 ஐசி (சிக்னல பெருக்குற ஆப்-ஆம்ப் சிப்), ரெண்டு 9 வோல்ட் பேட்டரி, கொஞ்சம் ரெசிஸ்டர் கெபாசிட்டர், அவ்ளோதான். ஃபீட்பேக்ல (அவுட்புட்லேர்ந்து இன்புட்டுக்குத் திரும்பி வர்ற வழில) 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், கிரவுண்டு பக்கம் 1 கிலோ ஓம், ஆக 101 மடங்கு, அதாவது சுமார் 40 டெசிபல் கெயின் (சிக்னல் பெருகுற அளவு). மொத தடவ ஆன் பண்ணப்ப ம்ம்ம்ம்னு ஒரே ஹம்மு, ஐசியதான் சந்தேகப்பட்டு மாத்தி மாத்தி பாத்தேன், கடைசில பாத்தா மைக் ஜாக்லேர்ந்து போர்டுக்கு வர்ற நாலு இன்ச் சாதா வயர்தான் ஆன்டெனா மாதிரி ஹம்ம இழுத்துருக்கு. ஷீல்டு வயர் (மேல உலோக வலை சுத்துன வயர்) போட்டு, எல்லாத்தையும் தகர டப்பாக்குள்ள வச்சு டப்பாவ கிரவுண்டோட சேத்ததும் அப்டியே அடங்கிருச்சு. இப்ப ஹெட்போன்ல மூச்சு விடுற சத்தம்கூட சுத்தமா கேக்குது, அவ்ளோ சந்தோஷமா இருக்கு! செய்றவங்க ஐசிய நேரா சால்டர் பண்ணாம சாக்கெட் போட்டுக்குங்க, மாத்தி பாக்க சுலபமா இருக்கும்.