பெரியப்பாவின் பஞ்சாங்கமும் ஒரு யீல்டும்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவின் நான்கு வருடப் பேச்சை எக்ஸ்போர்ட் செய்தால் ஒரே ஒரு நீண்ட டெக்ஸ்ட் கோப்பு வருகிறது. அதை மாதத்துக்கு ஒன்றாக, '2021-04' மாதிரிப் பெயர் வைத்து, பைத்தான் நிரல்மொழியில் பிரிக்க நினைத்தேன். ஒரு சனிக்கிழமை மதியம் போதும் என்பது கணக்கு. மூன்று வாரம் ஆயிற்று.

கோப்பைத் திறக்கும்போதே அடி. எழுத்துகளை எந்தக் குறிமுறையில் பைட்டுகளாக (கணினி சேமிக்கும் எண்களாக) மாற்றியிருக்கிறது என்ற என்கோடிங்கைச் சொல்லாமல், கோப்பைத் திறக்கும் ஓப்பன் கட்டளையைப் போட்டேன். என் விண்டோஸ் மடிக்கணினி அதை 1252 என்ற பழைய குறிமுறையில் படிக்கப் போய், '8டி' என்ற பைட் தெரியாது என்று நின்றுவிட்டது. தேடிப் பார்த்தால் அது நம் மெய்யெழுத்தின் புள்ளி! கோப்பு இருந்த யூடிஎஃப்-8 குறிமுறையில் புள்ளிக்கு மூன்று பைட். கடைசியில் வருவது 8டி. 1252இல் அந்த இடம் காலி. 'அம்மா' என்று எழுதினாலே போச்சு. படிக்கவும் எழுதவும் யூடிஎஃப்-8 என்று சொன்னதும் அடங்கியது.

அடுத்தது ஜெனரேட்டர்: கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் நிரல்துண்டு. அப்படித் தருவதற்கான கட்டளைதான் யீல்டு. ஒரு செய்தி பத்து வரி ஓடலாம், ஆனால் தேதி முதல் வரியில் மட்டும்தான் இருக்கும். அதனால் வரிகளைச் சேர்த்துக்கொண்டே போய், தேதியோடு ஒரு வரி வந்ததும் அதுவரை சேர்த்ததை யீல்டு செய்ய வேண்டும். வரிகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் லூப் (சுழற்சி) முடிந்த பிறகு கையில் மிஞ்சும் கடைசிச் செய்திக்கு இன்னொரு யீல்டு வேண்டும் என்பது எனக்கு இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது.

அப்புறம் பெரியப்பா. தினமும் காலையில் பஞ்சாங்கம் அனுப்புவார். '14/04/2021 புதன், பிலவ வருடம், சித்திரை 1' என்று தேதியோடுதான் ஒரு வரி இருக்கும். என் நிரல் அதைப் புதுச் செய்தி என்று எடுத்துக்கொண்டு, ராகு காலத்தை அனுப்பியவர் பெயரே இல்லாமல் அநாதையாக விட்டது. தேதி, காற்புள்ளி, நேரம், கோடு நான்கும் சேர்ந்து இருந்தால்தான் புதுச் செய்தி என்று மாற்றினேன்.

எழுதும் பகுதியில் செய்தது சின்னப்பிள்ளைத்தனம். ஒவ்வொரு செய்திக்கும் கோப்பை 'டபிள்யூ' (புதிதாக எழுதும்) முறையில் திறந்தேன். அது திறக்கும்போதே பழையதை அழித்துவிடும் என்பதால், மாதத்துக்கு ஒரே ஒரு செய்திதான் மிஞ்சியது. 'ஏ' (கடைசியில் சேர்க்கும் முறை) என்று மாற்றினேன்; இரண்டாம் முறை ஓட்டியதும் எல்லாமே இரட்டிப்பு. கடைசியில் பைத்தானோடு வரும் இட்டர்டூல்ஸ் தொகுப்பின் குரூப்-பை கைகொடுத்தது. அடுத்தடுத்து வரும் ஒரே மாதச் செய்திகளை அது ஒரு கட்டாகத் தரும். வெளி லூப் மாதத்துக்கு ஒருமுறை கோப்பைத் திறக்கிறது, உள் லூப் எழுதுகிறது. இப்போது 'டபிள்யூ'வே சரி. பேச்சு காலவரிசையில் இருப்பதால் பிழைத்தேன். கலைந்திருந்தால் முதலில் வரிசைப்படுத்த வேண்டியிருக்கும்.

அதற்குப் பிறகும் ஒரு ராத்திரி போனது. மொத்தம் எத்தனை செய்தி என்று முதலில் எண்ணிவிட்டு எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்தேன். எண்ணிக்கை வந்தது, பிழைச் செய்தி ஏதும் இல்லை, ஒரு கோப்பும் உருவாகவில்லை. ஒருமுறை மட்டுமே தரும் ஜெனரேட்டர் எண்ணியதிலேயே தீர்ந்துபோயிருந்தது. எல்லாவற்றையும் மொத்தமாக ஒரு லிஸ்டில் (பட்டியலில்) போட்டு வைத்திருக்கலாம்தான், ஆனால் அது அழுகுணி ஆட்டம். எழுதும்போதே எண்ணுகிறேன்.

இப்போது மாதக் கோப்புகள் வரிசையாக நிற்கின்றன. அடுத்து பஞ்சாங்கத்தை மட்டும் தனிக் கோப்பில் ஒதுக்க வேண்டும். பெரியப்பாவிடம் சொன்னேன். "அப்போ நாளையிலிருந்து நல்ல நேரமும் சேர்த்துப் போடுறேன்டா" என்கிறார்.