கண்ணாடி நகரம் கட்டிக் கடனாளியானவர்

பிரெஞ்சு இயக்குநர் ழாக் தாத்தியைப் பற்றி எழுதுகிறவர்கள் ஒரே வரியில் தாண்டிப் போகும் செய்தி ஒன்று உண்டு. சினிமாவுக்கு வருமுன் அவர் சுவரில் மாட்டும் படங்களுக்கு மரச்சட்டம் போடப் பழகியவர். தாய்வழித் தாத்தா ஹாலந்துக்காரர்; பாரிசில் வாந்தோம் சதுக்கத்துக்கு அருகில் வான் ஹோஃப் என்ற பெயரில் சட்டக் கடை நடத்தினார். தந்தை ரஷ்யப் பிரபு குடும்பத்து வழி வந்தவர். குடும்பப் பெயர் தாத்திஷெஃப். மருமகனாக வந்தவர் மாமனாரின் கடையையே ஏற்று நடத்தினார். 1907இல் பிறந்த பையனும் அதே கடையில்தான் உட்காரப் போகிறான் என்பது வீட்டார் போட்ட கணக்கு. படிப்பு ஏறவில்லை என்றதும் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

நானும் சட்டக் கடைக்காரன்தான். அப்பா காலத்து மேசை, அப்பா காலத்துக் கண்ணாடி வெட்டும் வைரம். அதனால் மற்றவர்கள் தாண்டிப் போகும் அந்த வரியில் நான் நின்றுவிடுகிறேன். எங்கள் தொழிலில் இரண்டு கவலைகள் என்றைக்கும் தீர்வதில்லை. ஒன்று மூலை. கட்டைகளை 45 டிகிரியில் வெட்ட வேண்டும். ஒரு வெட்டில் அரை டிகிரி பிசகினாலும் கடைசி மூலை வாய் பிளந்து நிற்கும். மற்றது கண்ணாடி. ஜன்னலுக்கு எதிரே படத்தை மாட்டினால் படம் தெரியாது, பார்ப்பவரின் முகம்தான் தெரியும். அதற்கும் எங்களிடம் வந்துதான் சண்டை பிடிப்பார்கள். தாத்தியின் படங்களைப் பார்க்கும்போது இந்த இரண்டு கவலைகளும் தெரிந்த ஒருவர் எடுத்த படங்கள் என்றே எனக்குப் படுகிறது. தொழில் பாசம் என்று சொல்வீர்கள். இருக்கட்டும்.

கடையில் அவர் நிலைக்கவில்லை. ஆறடிக்கும் மேல் உயரம். ரக்பி ஆட்டத்தில் பைத்தியம். ஆட்டம் முடிந்த இரவுகளில் விருந்து மேசையைச் சுற்றி நண்பர்களைச் சிரிக்க வைப்பார். கோல் காப்பவர், டென்னிஸ்காரர், குத்துச்சண்டைக்காரர் என ஒவ்வொருவரையும் பேச்சே இல்லாமல் உடம்பாலேயே செய்து காட்டுவார். அதுவே பிறகு மேடை நிகழ்ச்சியானது. 1936இல் எழுத்தாளர் கொலெத் அதைப் பார்த்துவிட்டுப் பத்திரிகையில் மனதாரப் புகழ்ந்தார். குதிரையும் அதன் மேல் இருப்பவரும் ஒரே ஆளாகத் தெரிகிறார்கள் என்பது அவர் வியந்தவற்றில் ஒன்று.

போர்க்காலத்தில் நண்பர் ஆன்ரி மார்க்கேயோடு பிரான்சின் நடுப்பகுதியில் இருக்கும் சேந்த் செவேர் என்ற சின்ன ஊரின் பக்கம் போய்த் தங்கினார். அந்த ஊரை அவர் மறக்கவில்லை. 1947இல் படக்குழுவோடு அங்கேயே திரும்பிப் போய், ஊர் மக்களையே நடிக்க வைத்துத் தன் முதல் முழுநீளப் படமான 'திருவிழா நாள்' எடுத்தார். அமெரிக்கத் தபால்காரர்களின் வேகத்தைக் கூடாரத்தில் ஓடும் படத்தில் பார்த்துவிட்டு, சைக்கிளில் அதே வேகத்தைக் காட்டக் கிளம்பும் கிராமத்துத் தபால்காரர் கதை. தபால்காரர் தாத்தியே. புதிதாக வந்திருந்த தாம்சன் கலர் என்ற வண்ணச் சுருளில் அதை எடுத்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளைக் கேமராவையும் வைத்தார்கள். அந்த முன்யோசனைதான் படத்தைக் காப்பாற்றியது. வண்ணச் சுருளைப் பிரதி எடுக்க அந்த நிறுவனத்தாலேயே முடியவில்லை. 1949இல் உலகம் பார்த்தது கறுப்பு வெள்ளையை. வண்ணப் படம் டப்பாவிலேயே கிடந்து, அவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்து, எடிட்டரான மகள் சோஃபியின் முயற்சியால் 1995இல்தான் வெளிச்சத்துக்கு வந்தது.

அடுத்து உலோ வந்தார். திருவாளர் உலோ, தாத்தி தானே நடித்த பாத்திரம்: மழைக்கோட்டு, கணுக்கால் தெரியும் கால்சட்டை, வாயில் பைப், முன்பக்கம் சாய்ந்த நடை. 1953இல் வந்த 'திருவாளர் உலோவின் விடுமுறை' படத்தில் கதை என்று எதுவும் இல்லை. சேன் மார்க் என்ற கடற்கரை ஊரில் ஒரு ஓட்டல், கோடை விடுமுறைக்கு வந்த சிலர், அவ்வளவே. அந்த ஓட்டல் சாப்பாட்டு அறையின் ஆடும் கதவை மட்டும் கவனியுங்கள். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தம்புரா தந்தியை யாரோ சுண்டியதுபோல ஒரு சத்தம். யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. கேமராவும் கதவுக்குப் பக்கத்தில் போவதில்லை. பத்தாவது முறை அந்தச் சத்தம் கேட்கும்போது சிரிப்பை அடக்க முடியாது. தாத்தி ஒலிகளைப் படப்பிடிப்புக்குப் பிறகு தனியாகச் சேர்ப்பார். வசனத்தைக் கொசு பறக்கும் அளவுக்குக் குறைத்து, செருப்புச் சத்தத்தை ஏற்றி வைப்பார். முகத்தைப் பெரிதாக்கிக் காட்டி 'இங்கே சிரி' என்று சொல்கிற வேலை அவரிடம் கிடையாது.

1958இல் வந்த 'என் மாமா'வில்தான் சட்டக்காரர் முழுதாக வெளியே வருகிறார். ஒரு சின்னப் பையனுக்குத் தாய்மாமன் உலோ. மாமா இருப்பது பழைய பேட்டையில், கோணல்மாணலான ஒரு வீட்டின் உச்சியில். தெருவுக்கு எதிர்ப்பக்கம் கேமராவை அசையாமல் நிறுத்திவிட்டு, அவர் வீட்டுக்கு ஏறிப் போவதைக் காட்டுகிறார். ஒரு ஜன்னலில் தலை, அடுத்ததில் கால், ஒரு வராந்தாவில் முழு ஆள், பிறகு எதிர்பார்த்த பக்கத்தில் வராமல் வேறு பக்கத்தில் தொப்பி. ஒரே சட்டத்துக்குள் பத்துச் சின்னச் சட்டங்கள். கண் ஒவ்வொன்றாக அவரைத் தேடி மேலே ஏறுகிறது. வீடு சேர்ந்ததும் ஜன்னல் கதவை அசைத்துப் பார்ப்பார். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கண்ணாடியில் பட்ட வெயில் எதிரே கூண்டில் இருக்கும் கனேரிப் பறவை மேல் விழும், பறவை பாடும். கோணம் மாறினால் பாட்டு நின்றுவிடும். இந்தக் காட்சியைப் பார்த்த அன்று நான் கடையில் கண்ணாடித் துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்க்கடை மேல் வெளிச்சம் அடித்து வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை.

அக்காவும் அத்தானும் இருப்பது நவீன வீட்டில். அதை நீஸ் நகரத்து ஸ்டூடியோவில் கட்டினார்கள்; வடிவமைப்பில் கூட இருந்தவர் ஓவியர் ழாக் லக்ராஞ்ச். தோட்டத்தில் வாயைத் திறந்தபடி ஒரு மீன் நீரூற்று. அழைப்பு மணி அடித்தால் அக்கா ஓடிப்போய் விசையைத் தட்டுவார், மீன் தண்ணீர் துப்பும். வந்தவர் கடைக்காரர் என்று தெரிந்தால் உடனே அணைத்துவிடுவார். கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுவின் சிறப்புப் பரிசு, அதன்பின் ஆஸ்கர். ஹாலிவுட் போனவர் அங்கே பார்க்க விரும்பியது பழைய மௌனப் படக் கோமாளிகளை: ஸ்டான் லாரல், பஸ்டர் கீட்டன், மேக் சென்னட். அந்த வயதானவர்களைத் தேடிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இந்த இடத்தில் அவர் கையில் எல்லாம் இருந்தது. உலோவை வைத்து இன்னும் ஐந்து படம் எடுத்திருந்தால் கடைசிக் காலம் வரை கவலை இல்லை. அவரோ உலோவை ஓரத்துக்குத் தள்ளினார்.

'ப்ளேடைம்' படத்துக்காகப் பாரிசின் கிழக்கு விளிம்பில், வேன்சேன் காட்டுக்கு அருகே, வெற்று நிலத்தில் ஒரு நகரத்தையே கட்டினார்கள். சுமார் 15,000 சதுர மீட்டர். சாலை, போக்குவரத்து விளக்கு, தனி மின்நிலையம், சக்கரத்தில் நகர்த்தக்கூடிய கட்டட முகப்புகள். தூரத்தில் நிற்கும் மனிதர்கள் சிலர் அட்டையில் ஒட்டிய ஆளுயரப் புகைப்படங்கள். பத்திரிகைகள் அதற்குத் தாத்திவில், அதாவது தாத்தி ஊர், என்று பெயர் வைத்தன. 1964இல் தொடங்கிய வேலை 1967 வரை இழுத்தது. நடுவில் புயல் அடித்து செட்டைச் சேதப்படுத்தியது. பணம் தீர்ந்து தீர்ந்து வேலை நின்றது. வழக்கத்தைவிட அகலமான 70 மில்லிமீட்டர் சுருள் வேறு. அதுவரை பிரான்சில் எடுத்த படங்களில் மிக அதிகச் செலவு பிடித்தவற்றில் ஒன்றாகிவிட்டது.

எல்லாம் கண்ணாடி. விமான நிலையம், அலுவலகம், குடியிருப்பு, கடை. சுற்றுலா வந்த அமெரிக்கப் பெண்கள் பாரிசைத் தேடுகிறார்கள். ஈஃபெல் கோபுரம் திறந்து மூடும் ஒரு கண்ணாடிக் கதவில் நிழலாக வந்துவிட்டுப் போகிறது. எங்கள் வாடிக்கையாளர்கள் குறை சொல்லும் அதே பிரதிபலிப்பை அவர் ஊரின் ஞாபகமாக மாற்றி வைத்திருக்கிறார். இரவில் உலோ பழைய ராணுவ நண்பரின் வீட்டுக்குப் போகும் காட்சி முழுக்கத் தெருவில் நின்றே எடுக்கப்பட்டது. தெருவைப் பார்த்த சுவர் முழுவதும் கண்ணாடி. உள்ளே பேசுவது நமக்குக் கேட்காது, வண்டிச் சத்தம்தான். பக்கத்துப் பக்கத்து வீடுகளில் தொலைக்காட்சி பார்க்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கும் நமக்கோ, நடுச்சுவர் வழியாக ஒரு வீட்டார் அடுத்த வீட்டாரை உற்றுப் பார்ப்பதாகத் தெரியும். ஒருவர் சட்டையைக் கழற்ற, அந்தப் பக்கத்துப் பெண்மணி வைத்த கண் வாங்காமல் பார்ப்பதுபோல் இருக்கும். கேமராவை எங்கே நிறுத்துவது என்ற ஒரே முடிவால் வந்த சிரிப்பு அது.

பிறகு அந்த ராயல் கார்டன் உணவகம். அன்றுதான் திறப்பு விழா, பசை கூடக் காயவில்லை. உலோ மோதி வாசல் கண்ணாடிக் கதவு நொறுங்குகிறது. வாயிற்காவலர் கலங்கவில்லை. மிஞ்சிய பித்தளைக் கைப்பிடியைக் காற்றில் பிடித்தபடி, வருகிறவர்களுக்கு இல்லாத கதவைத் திறந்து விடுகிறார், மூடுகிறார். விருந்தாளிகளும் திறந்த கதவு வழியாக வந்த மிடுக்கோடு உள்ளே போகிறார்கள். அதே நேரம் பின்னால் ஒரு மேசையில் ஒரு மீனுக்கு ஒவ்வொரு பரிசாரகராக வந்து மசாலா போட்டுவிட்டுப் போகிறார்கள்; யாரும் பரிமாறுவதில்லை. இன்னொரு மூலையில் நாற்காலியின் கிரீட வடிவம் உட்கார்ந்தவர்களின் முதுகில் அச்சாகியிருக்கிறது. எதையும் கேமரா நெருங்கிப் போய்க் காட்டாது. நீங்களாகக் கண்டுபிடித்தால் உண்டு.

கண்டுபிடிக்காதவர்களும் உண்டு. அக்கா மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பார்த்தேன். அரை மணி நேரம் பொறுத்துவிட்டு, "மாமா, இதில் கதாநாயகன் யார்?" என்றான். 1967 டிசம்பரில் பாரிசில் படம் வெளியானபோது டிக்கெட் வாங்கியவர்களும் அதையேதான் கேட்டிருப்பார்கள். அவர்கள் உலோவைப் பார்க்க வந்தவர்கள். படத்திலோ உலோ மாதிரி மழைக்கோட்டு போட்ட வேறு ஆட்கள் குறுக்கே நடந்து ஏமாற்றுகிறார்கள். மக்கள் ரசனை கெட்டது என்று தாத்தியின் பக்தர்கள் இன்றும் புலம்புவதை என்னால் ஏற்க முடியவில்லை. 70 மில்லிமீட்டர் வசதியுள்ள அரங்கில்தான் காட்டுவேன் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். அப்படிப்பட்ட அரங்குகள் எத்தனை இருந்தன? பிறகு வெட்டிக் குறைத்தார். இன்று கிடைப்பது சுமார் 124 நிமிடம். அமெரிக்காவில் வெளியாக 1973 ஆனது.

கடன் கழுத்தை நெரித்தது. குடும்ப வீடு போயிற்று. பழைய படங்களின் உரிமைகள் முடக்கப்பட்டன. இளைஞர்கள் படம் எடுக்கப் பயன்படட்டும் என்று அவர் விட்டுவைக்கச் சொன்ன செட்டை இடித்துத் தள்ளினார்கள். அந்த நிலத்தில் ஒரு கண்ணாடிச் சட்டமும் மிஞ்சவில்லை. 2022இல் சைட் அண்ட் சவுண்ட் என்ற பிரிட்டிஷ் சினிமா இதழ் விமர்சகர்களிடம் எடுத்த வாக்கெடுப்பில் இந்தப் படத்துக்கு 23ஆம் இடம் என்பதைக் கடன் கொடுத்தவர்களிடம் போய்ச் சொல்ல முடியாது.

அதற்குப் பிறகு 1971இல் 'திராஃபிக்', 1974இல் ஸ்வீடன் தொலைக்காட்சிக்காக ஒரு சர்க்கஸ் கூடாரத்தில் எடுத்த 'பராட்'. முதலாவதில் கார்களுக்குள் தனியாக உட்கார்ந்து மூக்கைக் குடையும் மனிதர்களை மட்டும் மறக்க முடியாது. இரண்டாவது பழைய மேடை வித்தைகளின் தொகுப்பு; நேசிக்கிறவர்களுக்கு மட்டும்.

புகழுரையோடு நிறுத்த மனம் வரவில்லை. போர்க்காலத்தில் பாரிசின் லிடோ கேளிக்கை அரங்கில் அவரோடு பணியாற்றிய ஆஸ்திரிய நடனப் பெண்ணுக்கு அவர் மூலம் ஒரு மகள் பிறந்தாள். அந்தக் குழந்தையை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் எழுதிப் படமாகாமல் போன ஒரு திரைக்கதை 2010இல் 'மாயவித்தைக்காரர்' என்ற கார்ட்டூன் படமாக வந்தபோது, அந்தக் கைவிடப்பட்ட மகளுக்காக எழுதியது அது என்று அவள் வழிக் குடும்பத்தார் வெளிப்படையாகச் சொன்னார்கள். திரையில் அக்கா மகனுக்கு அத்தனை நல்ல மாமாவாக இருந்த மனிதர். அந்தக் கார்ட்டூனை என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிந்ததில்லை.

1978இல், எழுபது வயதில், அவர் மறுபடியும் சேன் மார்க் கடற்கரைக்குப் போனார். 25 ஆண்டுகளுக்கு முந்தைய விடுமுறைப் படத்தில் உலோவின் படகு நடுவில் மடிந்து சுறாவின் வாய் மாதிரி மூடித் திறக்கும் காட்சி ஒன்று உண்டு. ஸ்பீல்பெர்க்கின் சுறாப் படம் வந்துவிட்ட காலம். கரையில் இருப்பவர்கள் அலறி ஓடுவதைப் புதிதாக எடுத்துப் பழைய படத்தில் ஒட்டினார். கையில் காசு இல்லாத நிலையிலும் அந்த மூலை அவருக்குப் பொருந்தாமல் உறுத்தியிருக்கிறது. நான்காண்டு கழித்து, 1982 நவம்பரில் இறந்தார்.

புதிதாகப் பார்க்கிறவர்கள் 'என் மாமா'வில் தொடங்கலாம், பிறகு விடுமுறைப் படம். 'ப்ளேடைம்' கடைசியில். அதையும் வீட்டில் இருப்பதிலேயே பெரிய திரையில், முன்வரிசையில் உட்கார்ந்து பாருங்கள். ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு. கைபேசியில் பார்த்துவிட்டு ஒன்றுமே நடக்கவில்லையே என்று என்னிடம் வர வேண்டாம்.