லெந்து காலத்தில் ஓடுகிறவனின் நாட்குறிப்பு

மார்ச் 5, 2025, புதன்

இன்று சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய லெந்து என்னும் தவக்காலத்தின் முதல் நாள். மே மாதப் பந்தயத்துக்கான பயிற்சியும் இதே வாரத்தில்தான் தொடங்குகிறது. ஓட்டத்துக்கு என்னிடம் அட்டவணை இருக்கிறது: எந்த நாள் எத்தனை கிலோமீட்டர், எந்த நாள் வேகம், எந்த நாள் ஓய்வு. ஜெபத்துக்கு மட்டும் மனம் ஏவ வேண்டும் என்று காத்திருப்பது பலருடைய வழக்கம், என்னுடையதும்தான். மனம் பெரும்பாலும் இரவு பதினொரு மணிக்கு ஏவுகிறது. அதற்குள் கண் சொக்கிவிடுகிறது.

ஆதிச் சபையார் இதில் கறாராக இருந்திருக்கிறார்கள். 'டிடாக்கே' என்ற பழைய போதனை நூல், கர்த்தருடைய ஜெபத்தை நாளொன்றுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது. உபவாசத்துக்குப் புதனும் வெள்ளியும் என்று கிழமை குறித்துத் தருகிறது. உனக்கு இன்று எப்படி இருக்கிறது என்று அது விசாரிப்பதே இல்லை. எனக்கு அந்தக் கறார் பிடித்திருக்கிறது. காலையில் ஓடுவதற்கு முன் ஒரு சங்கீதம், ஒரு ஜெபம் என்று அட்டவணையிலேயே எழுதிவிட்டேன்.

மார்ச் 8, சனி

வாரத்தின் நெடுந்தூர ஓட்டம். பயிற்சியாளர் பாதி வழியில் சைக்கிளில் வந்து மறித்தார். "தம்பி, பக்கத்தில் ஓடுகிறவனோடு பேச முடிகிற வேகத்தில் ஓடு. மூச்சு வாங்குகிற பாடம் செவ்வாய்க்கிழமைதான்."

தூர ஓட்டக்காரர்களின் பயிற்சியில் பெரும்பகுதி இப்படி மெதுவாக ஓடுவதுதான். இதயமும் தசைகளும் இந்தச் சலிப்பான கிலோமீட்டர்களில்தான் பழகுகின்றன. பார்க்கிறவர்களுக்கு இதில் ஒன்றுமே இல்லை. எழுப்புதல் கூட்டத்தில் கண்ணீர் விடுகிற நாளைத்தான் நாம் சாட்சியாகச் சொல்கிறோம். சாதாரண செவ்வாய்க்கிழமை வாசித்த லேவியராகமத்தை யார் சாட்சி சொல்வார்கள்?

மார்ச் 13, வியாழன்

ஓய்வு நாள். கொரிந்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன்.

பந்தயச் சாலையில் எல்லாரும் ஓடினாலும் ஒருவனே பரிசு பெறுகிறான், பந்தயத்துக்குப் போராடுகிறவன் எல்லாவற்றிலும் இச்சையடக்கமாயிருக்கிறான், அவன் பெறுவது அழிவுள்ள கிரீடம், நாம் பெறுவது அழிவில்லாதது: அப்போஸ்தலன் பவுல் இப்படி எழுதியது கொரிந்து சபைக்கு, முதலாம் நிருபத்தில். அவர்களுக்கு அதை விளக்க வேண்டிய அவசியமே இருந்திருக்காது. நகரத்துக்குக் கிழக்கே இஸ்த்மியாவில், கடல் தெய்வம் பொசைடனின் கோயிலையொட்டி, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பெரும் விளையாட்டு விழா நடந்தது. கிரேக்க உலகின் நான்கு பெரிய விழாக்களில் அதுவும் ஒன்று. பவுல் கொரிந்தில் ஒன்றரை ஆண்டு தங்கினார் என்று அப்போஸ்தலர் நடபடிகள் சொல்கிறது. அவரை அங்கே ரோம ஆளுநர் கல்லியோனின் நியாயாசனத்துக்கு முன் இழுத்துப்போனார்கள். அந்தக் கல்லியோனின் பெயர் டெல்பியில் கிடைத்த கல்வெட்டு ஒன்றில் இருப்பதால், காலம் கி.பி. 51ஐ ஒட்டியது என்று கணக்கிட முடிகிறது. ஆகவே ஒரு விழாவாவது அவர் அங்கே இருந்தபோது நடந்திருக்க வாய்ப்பு அதிகம். அவரோ கூடாரத் தொழிலாளி. திருவிழாக் கூட்டத்துக்கு நிழல் வேண்டும். அதே தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியும் அவருமாக அந்த வாரங்களில் ஊசியைக் கீழே வைத்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம்.

வென்றவனுக்குத் தலையில் வைத்தது பைன் இலையாலோ வாடிய செலரித் தழையாலோ கட்டிய வளையம். 'அழிவுள்ள கிரீடம்' என்று பவுல் எழுதியபோது அது எத்தனை நாளில் சருகாகும் என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். ஒலிம்பியாவில், பத்து மாதம் விதிப்படி பயிற்சி செய்தோம் என்று வீரர்கள் சேயுஸ் சிலைக்கு முன் சத்தியம் செய்ய வேண்டியிருந்ததாக இரண்டாம் நூற்றாண்டுப் பயணி பௌசானியாஸ் எழுதியிருக்கிறார். ஒரு தழை வளையத்துக்குப் பத்து மாதம்!

மார்ச் 19, புதன்

சங்கீதம் 88. கடைசி வரி வரைக்கும் விடியாத சங்கீதம். முழங்காலில் நின்றேன். தரையின் குளிர் முட்டியில் ஏறியது. பக்கத்து அறைக் கடிகாரத்தின் சத்தம், அலுவலகத்தில் அனுப்ப வேண்டிய கடிதம், இடது காலணியின் அறுந்துகொண்டிருக்கும் கயிறு, இவையெல்லாம் ஜெபத்துக்குள் வந்துபோயின. தேவன் வந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஆமென் சொல்லிவிட்டு ஓடப் போனேன்.

நண்பர் ஒருவர் கேட்டார்: இரட்சிப்பு கிருபையினாலே என்றால் இந்த அட்டவணையெல்லாம் எதற்கு? நியாயமான கேள்வி. பவுலே கொரிந்தியருக்கு எழுதிய அதே நிருபத்தில், மற்ற எல்லாரைவிடவும் நான் அதிகமாகப் பாடுபட்டேன் என்கிறார். உடனே, அது நானல்ல, என்னோடிருந்த கிருபையே என்கிறார். இரண்டையும் ஒரே வசனத்தில் வைத்துவிட்டுப் போகிறார். விளக்கம் தருவதில்லை. நானும் தரப்போவதில்லை.

மார்ச் 23, ஞாயிறு

இன்று சபையில் விருந்தினர் ஒருவர் பவுலின் அந்தப் பந்தயச் சாலைப் பகுதியைப் பிரசங்கித்தார். முதலிடம், வெற்றி, எதிரியை முந்துதல், உன் துறையில் நீயே தலை. ஆரவாரமான ஆமென்கள். நான் பெஞ்சில் நெளிந்துகொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து அதே நிருபத்தை எட்டாம் அதிகாரத்திலிருந்து ஒரே மூச்சில் வாசித்தேன். விக்கிரகத்துக்குப் படைத்த இறைச்சியைச் சாப்பிடலாமா என்பதில் தொடங்குகிறது பேச்சு. சாப்பிடலாம்தான், ஆனால் அது என் சகோதரனுக்கு இடறல் என்றால் நான் இறைச்சியே தொடமாட்டேன் என்கிறார் பவுல். ஒன்பதாம் அதிகாரத்தில், சபையிடம் சம்பளம் வாங்க எனக்கு உரிமை உண்டு என்று நியாயப்பிரமாணத்தையும் போர்வீரனையும் திராட்சத்தோட்டக்காரனையும் சாட்சிக்கு அழைத்து நிரூபிக்கிறார். நிரூபித்த கையோடு, அந்த உரிமையை நான் பயன்படுத்தவில்லை என்கிறார். பலவீனருக்குப் பலவீனனானேன் என்கிறார். அதற்குப் பிறகுதான் பந்தயச் சாலை வருகிறது.

ஆக இந்த இச்சையடக்கம் யாரையும் முந்துவதற்கானதல்ல. தனக்கு நியாயமாகக் கிடைக்க வேண்டியதைப் பிறருக்காக விட்டுக்கொடுக்கப் பழகுவதற்கு. விளையாட்டு வீரனும் கெட்டதை மட்டுமா விடுகிறான்? நல்ல உணவையும் நல்ல உறக்கத்தையும் நண்பர்களோடு இருக்கும் மாலையையும்தான் விடுகிறான். பிரசங்கியாருக்கு எட்டாம் அதிகாரம் அச்சாகாத வேதாகமம் கிடைத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 1, செவ்வாய்

வேகப் பயிற்சி. நானூறு மீட்டர் சுற்றுகள். மூன்றாவது வளைவில் தொடை எரிகிறபோதெல்லாம் ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெலை நினைக்காமல் இருக்க முடிவதில்லை.

1924 பாரிஸ் ஒலிம்பிக். நூறு மீட்டரின் முதல் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்று தெரிந்ததும் அவர் அதிலிருந்து விலகினார். நானூறுக்குத் தயாரானார். 47.6 வினாடியில் தங்கம் வாங்கினார். இதை எல்லாரும் சொல்வார்கள். அடுத்த ஆண்டே அவர் சீனாவுக்கு மிஷனரியாகப் போனதையும் சொல்வார்கள். எனக்கு அதற்குப் பிந்தைய கதைதான் பெரியது.

1943இல் ஜப்பானியர் அவரைச் சீனாவின் வெய்ஹ்சியன் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகள் பலர் அங்கே இருந்தார்கள். அவர்களுக்கு அவர் அறிவியல் கற்பித்தார், விளையாட்டுகள் நடத்தினார். விடியுமுன் எழுந்து அறைத் தோழரோடு சிறு எண்ணெய் விளக்கில் வேதம் வாசித்தார். முகாமிலும் ஞாயிறன்று விளையாட்டு நடத்த முதலில் மறுத்தார். பிள்ளைகள் தாங்களாகவே ஆடப்போய் ஆட்டம் சண்டையில் முடிந்தது. அடுத்த ஞாயிறு அவரே நடுவராக மைதானத்தில் நின்றார்.

உலகமே பார்த்த மேடையில் தளர்த்தாத விதியை, சில பிள்ளைகளுக்காகத் தளர்த்தினார். கொள்கை பிசகிவிட்டது என்று சிலர் நினைக்கலாம். அத்தனை ஆண்டுப் பயிற்சியும் அந்த ஞாயிற்றுக்காகத்தான் என்று எனக்குப் படுகிறது. 1945 பிப்ரவரியில், மூளையில் கட்டியோடு, அந்த முகாமிலேயே இறந்தார்.

ஏப்ரல் 6, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் எங்கள் ஜெபக்குழு அக்கா ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். கணவர் பக்கவாதத்தில் படுத்திருக்கிறார். படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். "சனிக்கிழமை காலையில் யாராவது மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் நான் தூங்கிக்கொள்வேன்."

சனிக்கிழமை காலைதான் என் நெடுந்தூர ஓட்டம். மற்றவர்கள் கைப்பேசியில் நாட்காட்டியைப் பார்த்தார்கள். நான் வருகிறேன் என்றேன், அவ்வளவு மகிழ்ச்சியாக இல்லை. பயிற்சியாளரிடம் சொன்னபோது, "திங்கள் மாலைக்கு மாற்றிக்கொள். வேலை முடித்த காலில் வேகம் இருக்காது, மே மாதத்துக்குப் போட்ட கணக்கை மறந்துவிடு" என்றார்.

ஏப்ரல் 12, சனி

ஒரு கை தோளில், ஒரு கை இடுப்பில். இழுக்கக் கூடாது, உருட்ட வேண்டும். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவில் ஒன்று. குதிகால் மெத்தையில் அழுந்தாமல் கெண்டைக்காலுக்கு அடியில் மடித்த துண்டு. அக்கா ஒருமுறை செய்துகாட்டிவிட்டு உள்ளே போய்ப் படுத்தார். அடுத்த நிமிடமே குறட்டை கேட்டது.

அண்ணனுக்கு வலது பக்கம் வராது, பேச்சு குழறும். ஆனால் காது கூர்மை. சங்கீதம் வாசித்தேன். ஒரு வரியை விட்டுவிட்டபோது இடது விரலால் கட்டிலைத் தட்டினார். திரும்பவும் வாசித்தேன்.

அக்கா எழுந்து வந்ததும் முதலில் என்னைப் பார்க்கவில்லை, தலையணையைப் பார்த்தார். "இது இன்னும் கீழே இருக்க வேண்டும் தம்பி. பரவாயில்லை, அடுத்த வாரம் பழகிக்கொள்வீர்கள்." அடுத்த வாரம் ஒன்பது மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்.